பத்து வெள்ளி ஸ்லாப், ஏழு வெள்ளி தபால்: மலிவான கிரேடு கார்டுகளை இணையத்தில் விற்கும் வழி

பிஎஸ்ஏ, பிஜிஎஸ், எஸ்ஜிசி, சிஜிசி என ஏதாவது ஒரு நிறுவனம் தரம் பார்த்து, மதிப்பெண் சீட்டு வைத்து, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த விளையாட்டுக் கார்டைச் சேகரிப்பவர்கள் ஸ்லாப் என்கிறார்கள். ஆயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) பெறும் ஸ்லாப்புக்கு வாங்குபவர் தானாகத் தேடி வருவார். பத்து வெள்ளிக்கும் எண்பது வெள்ளிக்கும் நடுவில் நிற்கும் ஸ்லாப்தான் வேலை வாங்கும். அதை எப்படிப் பிரிப்பது, எப்படிச் சேர்ப்பது, எப்படிக் கட்டி அனுப்புவது என்பதே இந்தக் கட்டுரை.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இருப்பவரை நினைத்து எழுதியது இது. வீடு எல்பில் பக்கமோ கமுனிங் பக்கமோ தோட்டத்துக்குள் இருக்கும். அஞ்சலகமும் கூரியர் கடைகளும் பட்டணத்தில் இருக்கும். வாங்குபவரோ கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் இருப்பார். ஒவ்வொரு பார்சலுக்கும் மோட்டார் எடுத்துக்கொண்டு பட்டணம் போய் வர வேண்டும். அந்தப் பெட்ரோலும் அரை மணி நேரமும் செலவுதான். மலிவு ஸ்லாப்பில் கையில் எவ்வளவு நிற்கும் என்பதைக் கார்டின் விலையைவிட இந்தப் பார்சல் செலவுதான் அதிகம் தீர்மானிக்கிறது. கீழே வரும் எல்லாக் கணக்கும் இதை வைத்தே போகும்.

முதல் வேலை: கையிருப்பை எழுதுங்கள்

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். ஒரு ஸ்லாப்புக்கு ஒரு வரி: சான்று எண், ஆண்டு, தயாரித்த நிறுவனம், தொடரின் பெயர், வீரர், கார்டு எண், கிரேடு (தர மதிப்பெண், உச்சம் 10), கூட்டின் நிலை. கூட்டில் கீறல், மூலை உடைப்பு, விளிம்பில் பிளவு இருந்தால் இப்போதே குறித்துவிடுங்கள். படம் எடுக்கும்போது மறந்துபோகும். வாங்குபவர் மறக்க மாட்டார்.

சான்று எண்ணை அந்தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ செயலியிலோ போட்டுப் பாருங்கள். சீட்டில் உள்ள கார்டும் அங்கே வரும் கார்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு கார்டு வந்தால் அது போலிச் சீட்டாக இருக்கலாம். அதை விற்பனைக்கு வைக்காதீர்கள், லாட்டுக்குள்ளும் (பல ஸ்லாப்பைச் சேர்த்து ஒரே விலையில் விற்கும் கட்டு) நுழைக்காதீர்கள். நிறுவனத்திடம் அந்தக் கார்டின் படம் இருந்தால் அதையும் உங்கள் கையில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். பழைய ஸ்லாப்களுக்குப் படம் இருக்காது, அதில் பயப்பட ஒன்றுமில்லை.

கிரேடு எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்து ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்ஏ சீட்டில் ஓசி என்றிருந்தால் படம் நடுவில் அச்சாகவில்லை என்று பொருள். எம்கே என்றால் கார்டின் மேல் எழுத்து, கிறுக்கல் போன்ற அடையாளம் இருக்கிறது. இப்படிப்பட்ட 8, வெறும் 8 விலைக்குப் போகாது. பிஜிஎஸ் கூடுகள் பலவற்றில் நடுநிலை, மூலை, விளிம்பு, மேற்பரப்பு என்று நான்கு துணை மதிப்பெண்கள் இருக்கும். அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கேட்பார்கள். பெயர் தெரியாத நிறுவனத்தின் கூடு என்றால் அதிலுள்ள 10-ஐ நம்பி விலை போடாதீர்கள். சந்தை அதைக் கூடில்லாத கார்டாகத்தான் பார்க்கும்.

ஏன் மலிவு என்பதைத் தெரிந்துகொண்டால் விலையில் பிடிவாதம் வராது. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்கக் கார்டு நிறுவனங்கள் அளவில்லாமல் அச்சடித்தன. அந்தக் காலத்துக் கார்டு பழையதாக இருந்தாலும் அரிதானதல்ல. 2001 அப்பர் டெக் டைகர் வுட்ஸ் எண் 1 கார்டைத்தான் கோல்ஃப் வீரரான அவருடைய ரூக்கி கார்டாக, அதாவது அறிமுகக் கார்டாக, சேகரிப்பவர்கள் கொள்கிறார்கள். பெயர் பெரிய பெயர். ஆனால் அதைப் பல்லாயிரக்கணக்கில் தரம் பார்த்துக் கூட்டில் அடைத்திருக்கிறார்கள். அதனால் 8, 9 கிரேடுகளில் அது மிகச் சாதாரண விலைக்கே கிடைக்கிறது. ஒரு கிரேடில் எத்தனை கார்டு இருக்கிறது என்பதைத் தர நிறுவனங்களே பட்டியலாக வெளியிடுகின்றன. சேகரிப்பவர்கள் அதைப் பாப் ரிப்போர்ட் என்பார்கள். விலை போடுமுன் அதை ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று. தரம் பார்க்கக் கட்டிய கட்டணத்தை விலையில் சேர்க்க முடியாது. அமெரிக்காவுக்கு அனுப்பி, ஒரு கார்டுக்கு நூறு வெள்ளிக்கு மேல் செலவழித்து, திரும்பி வந்தது 8 என்றால், அந்தக் கார்டு முப்பது வெள்ளிக்குத்தான் போகும் என்றால், விலை முப்பதுதான். போட்ட காசு வரும் வரை காத்திருப்போம் என்று பெட்டியில் வைத்திருப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம் இழக்கிறார்கள்.

விலை கண்டுபிடிப்பது

ஒருவர் கேட்கும் விலை விலையாகாது, விற்ற விலைதான் விலை. ஈபேயில் கார்டின் ஆண்டு, தொடர், வீரர், எண், கிரேடு எல்லாம் போட்டுத் தேடி, விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போடுங்கள். கடைசி ஐந்து விற்பனையை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதைக் கொள்ளுங்கள். விலையின் மேல் கோடு அடித்திருந்தால் வாங்கியவர் பேரம் பேசிக் குறைத்திருக்கிறார். உண்மையில் போன விலை அதற்குக் கீழே. 130பாயிண்ட் என்ற தளத்தில் பேரம் முடிந்த விலையும் பெரும்பாலும் தெரியும்.

டாலர் விலையை வெள்ளிக்கு மாற்றியதும் உள்ளூர்க் கணக்கு ஒன்று போட வேண்டும். நம் நாட்டில் இருப்பவர் அதே கார்டை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அனைத்துலகத் தபாலும் கட்ட வேண்டும். 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வாங்கி இறக்குமதி செய்யும் 500 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. எட்டு டாலர் கார்டு அவர் கைக்கு வரும்போது எட்டு டாலராக இருக்காது. அதனால் உள்ளூரில் தேடுகிற ஆள் இருக்கும் கார்டுக்கு அமெரிக்க விலையையே கேட்பதில் தவறில்லை.

தேடுகிற ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இங்கே இங்கிலீஷ் பிரீமியர் லீக் கார்டும் உலகக் கிண்ணக் கார்டும் ஓடும். 1990களின் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கார்டுகளை அன்று பள்ளிப் பையில் வைத்துத் திரிந்தவர்கள் இன்று சம்பாதிக்கிறார்கள். மைக்கல் ஜோர்டான் என்றால் எந்தத் தொடரானாலும் நின்று பார்ப்பார்கள். ஃபார்முலா 1, மல்யுத்தம் இரண்டுக்கும் சிறு கூட்டம் உண்டு. பேஸ்பால், அமெரிக்கக் காற்பந்து ஸ்லாப்புக்கு இங்கே ஆள் மிகக் குறைவு. அமெரிக்க விலையில் பாதி கிடைத்தாலே கொடுத்துவிடுங்கள்.

அப்படியானால் நேரே அமெரிக்காவுக்கே விற்றுவிடலாமே என்று தோன்றும். 800 டாலருக்குட்பட்ட பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29-ல் நிறுத்தியது. அனுப்பும் செலவும் சுங்கத் தாள் வேலையும் சேர்ந்தால் பத்து டாலர் ஸ்லாப்பில் ஒன்றும் மிஞ்சாது. புதியவர் உள்நாட்டிலேயே தொடங்குவது நல்லது.

தனியாகவா, லாட்டாகவா: பென்சிலும் தாளும்

ஐந்து ஸ்லாப் இருக்கிறது, ஒவ்வொன்றும் 25 வெள்ளி பெறும் என்று வைத்துக்கொள்வோம். விற்பனைத் தளம் 10 விழுக்காடு பிடிக்கிறது, கட்டும் பொருளுக்கு ஒரு பார்சலுக்கு 2 வெள்ளி, தபால் 7 வெள்ளி, அதை வாங்குபவர் கட்டுகிறார். (தளக் கட்டணமும் தபாலும் மாறிக்கொண்டே இருப்பவை, அன்றைய விகிதத்தைப் பார்த்து உங்கள் எண்ணைப் போடுங்கள்.)

தனித்தனியாக விற்றால் ஒரு கார்டில் 25-லிருந்து 2.50-ம் 2-ம் போக 20.50 நிற்கும். ஐந்துக்கும் 102.50. ஐந்து கட்டு, ஐந்து தடவை பட்டணம். வாங்கியவர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்தது 160 வெள்ளி.

ஐந்தையும் ஒரே லாட்டாக 110 வெள்ளிக்கு விற்றால் தளத்துக்கு 11, பெட்டிக்கும் பொருளுக்கும் 4 போக 95 நிற்கும். உங்களுக்கு 7.50 குறைகிறது, நான்கு கட்டும் நான்கு பயணமும் மிச்சம். வாங்குபவர் தபாலோடு கொடுப்பது 117. அவருக்கு 43 வெள்ளி மிச்சம். இந்த 43 வெள்ளிதான் லாட்டை விற்றுக்கொடுக்கிறது. நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததுபோல் தெரிந்தாலும், அதில் பெரும்பகுதி உங்கள் பையிலிருந்து போனதல்ல, கூரியருக்குப் போயிருக்க வேண்டிய காசு.

ஸ்லாப் 12 வெள்ளிதான் என்றால் நிலைமை இன்னும் தெளிவு. பன்னிரண்டு வெள்ளிப் பொருளுக்கு ஏழு வெள்ளி தபால் கட்ட யாருக்கும் மனம் வராது. விற்றாலும் உங்களுக்கு 8.80. மாறாக 150 வெள்ளி ஸ்லாப்பில் ஏழு வெள்ளியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை.

இதிலிருந்து வரும் எல்லைகள்: 20 வெள்ளிக்குக் கீழே உள்ளதைத் தனியாகப் பட்டியலிட வேண்டாம், லாட்டில் மட்டும் வையுங்கள். 20 முதல் 50 வரை உள்ளதைத் தனியாகப் போட்டு, இரண்டுக்கு மேல் எடுத்தால் ஒரே தபால் என்று எழுதுங்கள். நான்கு வாரம் அசையவில்லை என்றால் லாட்டுக்கு மாற்றுங்கள். 50-க்கு மேல் தனிதான். ஐம்பது வெள்ளி ஸ்லாப்பை லாட்டில் போட்டால் அது பக்கத்தில் உள்ளவற்றின் விலைக்கு இறங்கிவிடும்.

எடையும் லாட்டுக்குத்தான் சாதகம். ஒரு பிஎஸ்ஏ கூடு 50 கிராமைத் தொடாது. பத்துக் கூடும் குமிழ்த்தாளும் பெட்டியும் சேர்ந்தாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். பிஜிஎஸ் கூடு இன்னும் தடிமன், கனம். தராசில் வைத்துப் பார்க்காமல் தபால் விலை சொல்லாதீர்கள். பெட்டி பெரிதானால் வேறொரு சிக்கல் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதைக் கிலோவாகக் கொள்வது கூரியர்களிடம் பரவலாக உள்ள வழக்கம். 25 × 18 × 12 பெட்டி உள்ளே காலியாக இருந்தாலும் 1.08 கிலோ கணக்கு. ஒரு கிலோ எல்லையைத் தாண்டி அடுத்த விலைக்குப் போய்விடும். பத்து பிஎஸ்ஏ ஸ்லாப் அடுக்கினால் ஆறு ஏழு சென்டிமீட்டர் உயரம்தான். 20 × 15 × 12 பெட்டி தாராளமாகப் போதும், அது 0.72 கிலோ கணக்கில் நிற்கும்.

லாட்டை யாருக்காகக் கட்டுகிறீர்கள்?

விற்காத லாட்டைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். மிச்சமிருந்ததை எல்லாம் வாரிப் போட்டிருப்பார்கள்: இரண்டு காற்பந்து, ஒரு கோல்ஃப், ஒரு பேஸ்பால், ஒரு மல்யுத்தம். லிவர்பூல் ரசிகர் அதில் ஒரே ஒரு கார்டுக்குத்தான் விலை மதிப்பார். மற்ற நான்கும் அவருக்குப் பாரம். லாட் கட்டுமுன் வாங்கப்போகும் ஒரே ஒரு ஆளை மனத்தில் வையுங்கள்.

நன்றாகப் போவது ஒரே கிளப், அடுத்து ஒரே வீரர். மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் நான்கு பேர், வெவ்வேறு ஆண்டு, எல்லாம் 9 கிரேடு என்றால் அது ஒரு ரசிகரின் அலமாரிக்கு நேராகப் போகும். ஒரே தொடரின் ஐந்து கார்டு என்பது தொடரை முழுமையாக்கப் பார்ப்பவருக்கு. ஒரே வீரரின் ஒரே கார்டை நான்கு வைத்திருந்தால் மட்டும் ஒரே லாட்டில் போடாதீர்கள். ரசிகருக்கு ஒன்று போதும். நான்கு லாட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்து வையுங்கள்.

எண்ணிக்கை மூன்று முதல் ஐந்து வரை இருந்தால் ரசிகர் வாங்குவார். பத்துக்கு மேல் போனால் வாங்குபவர் மறுவிற்பனைக்காரர். அவர் தனி விலையின் கூட்டுத்தொகையில் பாதிக்கு மேல் கொடுப்பது அபூர்வம். பேஸ்பால், பெயர் தெரியாத நிறுவனக் கூடு, எழுத்து ஒட்டிய கிரேடு இவற்றை அவருக்கென்று ஒரு பெட்டியாகக் கட்டி, உள்ளதை உள்ளபடி சொல்லி, ஒரே விலையில் முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு சிறு லாட்டிலும் தலைக்கார்டு ஒன்று வேண்டும். லாட் விலையில் மூன்றில் ஒரு பங்காவது அந்த ஒன்றுக்கே பெறும்படி இருக்கட்டும். 1990-91 என்பிஏ ஹூப்ஸ் ஜோர்டான் எண் 65 மாதிரி ஒரு கார்டை முன்னால் வைத்து, அதே தொடரின் வேறு நான்கு நட்சத்திரங்களைச் சேர்த்தால் லாட் நகரும். தலைக்கார்டைப் படத்தில் பெரிதாகக் காட்டி, மற்றவற்றின் கிரேடை மங்கலாக விடுவது கெட்ட பழக்கம். அதனால் வரும் சண்டையில் நட்சத்திர மதிப்பீடும் போகும், ஆளும் போவார்.

விலை போடும் முறை எளிது. தனி விலைகளைக் கூட்டி, ஐந்து கார்டு லாட்டுக்கு 10 முதல் 15 விழுக்காடு குறையுங்கள். பேரத்துக்கென்று 5 விழுக்காடு மேலே வையுங்கள். "பாஸ், லாஸ்ட் பிரைஸ்?" என்ற கேள்வி வராத லாட் இந்த நாட்டில் இல்லை. குறைப்பதற்கு இடம் இருந்தால் இருவருக்கும் நிம்மதி.

கூட்டை உடைத்துக் கார்டை வெளியே எடுத்து விற்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 5, 6 கிரேடில் உள்ள பழைய கார்டு சில நேரம் கூடில்லாமல் எளிதாகப் போகும், தபாலும் குறையும். ஆனால் உடைத்ததும் கிரேடும் அசல் என்ற உறுதியும் போய்விடும், உடைக்கும்போது மூலை மடங்கவும் கூடும். பழகாதவர் செய்ய வேண்டாம்.

துடைத்தல், படம் எடுத்தல்

கூட்டின் அழுக்கு கார்டின் அழுக்காகத் தெரியும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணியால் முதலில் தூசியைத் தட்டுங்கள். தட்டாமல் தேய்த்தால் தூசியே கீறல் போடும். பிறகு துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடையுங்கள். தண்ணீரை நேராகத் தெளிக்காதீர்கள். கூட்டின் விளிம்பு தண்ணீர் புகாதபடி மூடியதல்ல. தின்னர், ஆல்கஹால், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் மங்கிப்போகும், மெல்லிய வெடிப்பு விழும். பழைய விலைச் சீட்டின் பசைக்குச் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு, துணி நுனியில், விளிம்பிலிருந்து தள்ளி.

காற்றும் புகாமல் இருக்காது என்பதால் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்லாப்பை வைக்காதீர்கள். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை நாளடைவில் கூட்டில் மஞ்சளாகப் படியும், வாசனையும் தங்கும். தகரக் கூரைக்குக் கீழே அலமாரியின் மேல்தட்டும் ஆகாது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், தரையோடு ஒட்டாத நிழலான இடம்.

படத்துக்குக் காலை ஒன்பது மணி வாக்கில் வாசலோரத்து நிழல் வெளிச்சம் போதும். கறுப்புத் துணி விரியுங்கள். பிளாஷ் வேண்டாம். கூட்டில் உங்கள் முகமும் கைப்பேசியும் தெரியும். கருநிறச் சட்டை போட்டுக்கொண்டு, கைப்பேசியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போய்விடும். தனி ஸ்லாப்புக்கு முன், பின், சீட்டின் நெருங்கிய படம், கீறல் இருந்தால் அதன் படம். லாட்டுக்கு எல்லாம் சேர்ந்த படம் ஒன்று, பிறகு ஒவ்வொன்றின் முன்னும் பின்னும். சான்று எண் படிக்கத் தெரிய வேண்டும். அதை மறைப்பவரை அனுபவமுள்ளவர்கள் சந்தேகப்படுவார்கள்.

பட்டியலிடுதல்

தலைப்பில் வரிசை மாறாமல் எழுதுங்கள்: ஆண்டு, நிறுவனம், தொடர், வீரர், கார்டு எண், தர நிறுவனம், கிரேடு. "அரிய", "சூப்பர்", "முதலீடு" போன்ற சொற்கள் தேடலில் உதவாது, இடத்தை அடைக்கும். வாங்குபவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம் என்பதால் விவரத்தை ஆங்கிலத்திலும் மலாயிலும் சுருக்கமாக எழுதுங்கள். லாட் என்றால் எத்தனை கார்டு, ஒவ்வொன்றின் கிரேடு, எந்தக் கூட்டில் என்ன பழுது, பிரித்து விற்கப்படுமா இல்லையா. இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் "அந்த ஒன்று மட்டும் எவ்வளவு?" என்று நாள் முழுவதும் பதில் எழுத வேண்டியிருக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை: ஷாப்பியில் பணம் தளத்தின் கையில் இருந்து, பொருள் போய்ச் சேர்ந்த பிறகே உங்களுக்கு வரும், கட்டணம் உண்டு, பாதுகாப்பும் உண்டு. காரோசெல் பேரத்துக்கு ஏற்றது, நேரில் கொடுப்பதற்கும். முகநூல் கார்டுக் குழுக்களில் கட்டணம் இல்லை, ஆனால் ஆளைப் பார்த்து நம்ப வேண்டும். லாட்டுகளுக்கு முகநூல்தான் சிறந்தது என்பது எங்கள் கணிப்பு. சேகரிப்பவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள், மிச்சமாகும் கட்டணத்தை விலையில் குறைத்துக் கொடுக்கலாம்.

குழுவில் ஏலம் விடுவதானால் நான்கு விஷயம் முதல் வரியிலேயே இருக்கட்டும்: தொடக்க விலை, ஒவ்வொரு ஏற்றமும் எவ்வளவு, முடியும் நாளும் நேரமும், கடைசி ஐந்து நிமிடத்தில் புதிய ஏலத்தொகை வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்ற விதி. இரவு ஒன்பதரை முதல் பத்தரைக்குள் முடியும்படி வையுங்கள். தொடக்க விலை, நீங்கள் வருத்தப்படாமல் கொடுக்கக்கூடிய கடைசி விலை; ஒரு வெள்ளியில் தொடங்கினால் ஒரு வெள்ளிக்கே கொடுக்க வேண்டி வரலாம். கொடுக்க மறுத்தால் குழுவில் பெயர் கெடும்.

காலமும் பார்க்க வேண்டும். சம்பளம் வரும் மாதக் கடைசியிலும் அடுத்த மாதம் ஏழாம் தேதியை ஒட்டியும் விற்பனை கூடும். பிரீமியர் லீக் தொடங்கும் ஆகஸ்டுக்குச் சற்று முன் காற்பந்து லாட், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நடக்கும் பிளேஆஃப் காலத்தில் என்பிஏ லாட்.

பணம்

டூயிட்நவ், வங்கி மாற்று, டச் அண்ட் கோ எதுவாக இருந்தாலும் உங்கள் கணக்கைத் திறந்து தொகை ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ரசீதின் படத்தை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். போலி ரசீது செய்வது மிக எளிது. "பணம் ஏற ஒரு நாள் ஆகும், இன்றே போட்டுவிடுங்கள்" என்று அவசரப்படுத்துபவருக்கு, ஏறிய பிறகு போடுகிறேன் என்பதே பதில். பணம் வாங்க நீங்கள் எந்த இணைப்பையும் தட்ட வேண்டியதில்லை, ஓடிபி எண்ணும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் அது மோசடி.

நீங்கள் யாருக்காவது பணம் அனுப்ப வேண்டி வந்தால் அவருடைய கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டது தெரிந்தால் உடனே 997-ஐ அழையுங்கள், அது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போகுமுன் தடுக்கச் சில மணி நேரம்தான் இருக்கும்.

கட்டுதல்: இங்கே அவசரம் கூடாது

ஸ்லாப் உடைவது பெரும்பாலும் மூலை தரையில் மோதும்போது. கார்டுக்கு ஒன்றும் ஆகாமல் கூடு மட்டும் விரிசல் விட்டாலும் விற்பனை போனதுதான். அமெரிக்காவுக்கு அனுப்பிக் கூடு மாற்றும் செலவு இந்த விலைக் கார்டைத் தாண்டிவிடும்.

ஒரு ஸ்லாப்புக்குத் தேவையானவை: ஸ்லாப் அளவுக்கான மெல்லிய உறை ஒன்று, ஜிப் பை ஒன்று, குமிழ்த்தாள், 16 × 10 சென்டிமீட்டரில் வெட்டிய நெளி அட்டை இரண்டு, குமிழ் வைத்த கூரியர் உறை ஒன்று. பிஎஸ்ஏ கூடு ஏறக்குறைய 13.6 × 8.1 சென்டிமீட்டர். அட்டை நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நின்றால்தான் அடி முதலில் அட்டை மேல் விழும். அட்டையை மளிகைக் கடைப் பெட்டியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். மற்றவை மிஸ்டர் டிஐஒய், ஈகோ ஷாப் மாதிரி கடைகளிலும் ஷாப்பியிலும் கிடைக்கும்.

ஸ்லாப்பை உறையில் போடுங்கள், இல்லாவிட்டால் குமிழ்த்தாள் உரசிக் கீறல் விழும். பிறகு ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி மூடுங்கள். இந்த ஒரு பையை மிச்சம் பிடிக்காதீர்கள். பேராக்கில் பிற்பகல் மழை சொல்லிவிட்டு வராது, பார்சல் கடைசிக் கட்டத்தில் மோட்டாரிலோ திறந்த லாரியிலோ போகலாம். குமிழ்த்தாளை இரண்டு சுற்று சுற்றி ஒட்டுங்கள். ஒட்டுநாடாவின் நுனியை மடித்து விடுங்கள், பிரிப்பவர் கத்தி வைக்க வேண்டியிருக்காது. ஸ்லாப்பின் மேல் நேராக நாடா ஒட்டவே கூடாது. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, உறைக்குள் போட்டு, காதருகே குலுக்குங்கள். சத்தமோ அசைவோ இருந்தால் மறுபடி பிரித்து இறுக்குங்கள்.

இரண்டு ஸ்லாப் வரை இந்த உறையில் போகும். மூன்றிலிருந்து பெட்டிதான். லாட்டில் புதியவர் செய்யும் தவறு, ஸ்லாப்களை நேராக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவது. வழியில் ஒன்றோடொன்று மோதி மூலைகள் சிதறும், ரப்பர் வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு, இரண்டுக்கு நடுவில் ஒரு சுற்றுக் குமிழ்த்தாள் வைத்து, ஐந்து ஐந்தாகக் கட்டி, மேலும் கீழும் அட்டை வைத்து, எல்லாவற்றையும் ஒரே பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, பெட்டியின் ஆறு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் கசக்கிய தாள் வையுங்கள். பெட்டி மூடியை அழுத்தினால் உள்ளே குழியக் கூடாது, புடைக்கவும் கூடாது.

கட்டும்போது கைப்பேசியில் ஒரே வீச்சில் காணொளி எடுங்கள்: சான்று எண்கள், உள்ளே போவது, மூடுவது, மேலே ஒட்டிய முகவரிச் சீட்டு. பிரிக்கும்போது காணொளி எடுக்கும்படி வாங்குபவரிடமும் சொல்லுங்கள். வேறு ஸ்லாப் வந்தது, உடைந்து வந்தது என்று தகராறு வந்தால் தளத்துக்கும் கூரியருக்கும் காட்ட இதுதான் இருக்கும்.

அனுப்புதல், அதற்குப் பிறகு

அனுப்புநர் முகவரியாகப் பட்டணத்து முகவரி ஒன்றைப் போடுவது நல்லது. திரும்பி வரும் பார்சல் தோட்ட ஆபீசிலோ வேறு யாராவது வீட்டிலோ நின்றுபோகாமல் இருக்கும். வீட்டுக்கு வந்து எடுத்துப் போவார்கள் என்று நம்பியிருக்காமல், வாரத்தில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். திங்களும் வியாழனும் சரியாக இருக்கும், வார இறுதியில் பார்சல் கிடங்கில் கிடக்காது. அந்த நாட்களை விவரத்திலேயே எழுதிவிட்டால் "எப்போது போடுவீர்கள்?" என்ற கேள்வி குறையும். கொடுத்த இடத்தில் முத்திரை போட்ட ரசீதோ ஸ்கேன் ஆன அடையாளமோ வாங்காமல் திரும்பாதீர்கள். சபா, சரவாக்குக்குத் தபால் தனி விலை என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளிக்கு முந்தின வாரத்தில் கூரியர் தாமதமாகும். அதைச் சொல்லிவிட்டு விற்கலாம், அல்லது ஒரு வாரம் நிறுத்தலாம்.

ஈப்போவில் இருப்பவர் நேரில் வாங்கக் கேட்டால் பகல் நேரத்தில், அஞ்சலகத்து வாசல் அல்லது ரயில் நிலையம் மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கொடுங்கள். அவர் சான்று எண்ணைச் சரிபார்க்க நேரம் கொடுங்கள், அது அவமதிப்பல்ல.

முப்பது நாளாகியும் லாட் போகவில்லை என்றால் விலையைக் குறைப்பதற்கு முன் லாட்டைப் பிரித்துப் பாருங்கள். எந்தக் கார்டைப் பற்றி அதிகம் விசாரித்தார்கள் என்பதை நோட்டில் குறித்திருந்தால் அதைத் தலைக்கார்டாக வைத்து மூன்று கார்டு லாட் ஒன்று கட்டுங்கள். ஒருவரும் கேட்காத இரண்டை மறுவிற்பனைக்காரர் பெட்டிக்கு மாற்றுங்கள். படத்தையும் புதிதாக எடுங்கள், குழுவில் உள்ளவர்கள் பழைய படத்தைப் பார்த்ததும் தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டாவது முப்பது நாளும் போனால் அப்போது 10 விழுக்காடு குறையுங்கள்.